மணிக்கட்டு இல்லாத வேலை: படிக்கட்டுக் கூடத்து உயரக் கண்ணாடி, ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் ஒரு படிக்கட்டுக் கூடம். அதன் மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடித் தடுப்பு. அகலம் 3 மீட்டர், தரையிலிருந்து 2.1 மீட்டரில் தொடங்கி 5.6 மீட்டரில் முடிகிறது. 4 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும், மேலிருந்து கீழ்வரை இரண்டு நெடுக்குச் சட்டங்களும் ஓடுவதால் மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கண்ணாடிகள். ஒன்றும் திறக்காது, எல்லாம் நிலையாகப் பதித்தவை. உள்ளே கண்ணாடியிலிருந்து 2.5 மீட்டர் தள்ளிப் படிக்கட்டு ஏறத் தொடங்குகிறது. வெளியே ஒன்றரை மீட்டர் அகலத்தில் நடைபாதை, அதை ஒட்டி மதில். கண்ணாடிக்கு மேலே சிமென்ட் சன்ஷேடு.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களின் புகார் விநோதமானது. "சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்" என்றார்கள். காலையில் பார்த்தால் குறை தெரியாது. மாலை வெயில் கண்ணாடிக்குப் பின்னால் இறங்கும்போதுதான் அத்தனை கோடும் வெளிச்சம் போட்டுக் காட்டும். முன்பு வேலை செய்த குழு கீழ்வரிசையை ஏணியில் நின்று கையால் முடித்திருந்தது. அது பளிச்சென்று இருந்தது. நீட்டிக்கொள்ளும் கம்பில் ஸ்குவீஜியை (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டைக் கருவி) மாட்டித் துடைத்த மேல்வரிசையில்தான் கோளாறு. அதே ஆட்கள், அதே சோப்பு, அதே தண்ணீர். அப்படியென்றால் கம்பில் ஏதோ இருக்கிறது.

சரிசெய்ய வந்த நாங்கள் உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை. மாலை வெயிலுக்காகக் காத்திருந்து, படிக்கட்டின் மேல் தளத்தில் ஏறி, மேல்வரிசையைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கோடு இருப்பது தெரியும், அது என்ன மாதிரிக் கோடு என்பது தெரியாது. இந்த வேறுபாடு முக்கியம். கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் உண்டு; காரணம் தெரியாமல் மறுபடி துடைத்தால் அதே கோடு வேறு இடத்தில் வந்து நிற்கும்.

கோடுகளில் என்ன தெரிந்தது

முதலில் கண்ணில் பட்டது மெல்லிய, நேரான, முடி கனமுள்ள கோடுகள். ஒரே கண்ணாடியில் மூன்று. அளந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான், ஸ்குவீஜியின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவு. இது ரப்பர் பட்டையின் விளிம்பில் எங்கோ ஓர் இடத்தில் சின்ன வெட்டு இருப்பதன் அடையாளம். ஒவ்வொரு இழுப்பிலும் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் தப்பி ஒரு கோடாக நிற்கிறது. பழைய பட்டையை வாங்கி நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்த்தபோது, இடது முனையிலிருந்து நாலு விரல் தள்ளி நகம் லேசாகத் தட்டியது. மணல்துகள் அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். கையால் துடைத்த கீழ்வரிசையிலும் இதே பட்டையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் கையில் இருக்கும்போது கோடு விழுந்தால் உடனே தெரியும், அடுத்த இழுப்பை அதன்மேல் போட்டு மறைத்துவிடலாம். கம்பில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது வகை அகலமானது, ஒரு விரல் கனம், அதுவும் நேராக இல்லாமல் நெளிந்து இறங்கியது. இது ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் துடைக்காமல் விட்டுப்போன பட்டை. கணக்குப் போட்டால் காரணம் உடனே பிடிபடுகிறது. கண்ணாடியின் அகலம் ஏறக்குறைய 1 மீட்டர். ஸ்குவீஜி 35 சென்டிமீட்டர். மூன்று இழுப்பில் முடித்தால் மொத்தம் 105. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்குக் கிடைப்பது இடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான். கையில் இது போதும். நாலரை மீட்டர் கம்பின் நுனி பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் அதைவிட அதிகம். நாலு இழுப்பாகப் பிரித்தால் இடத்துக்கு 13 சென்டிமீட்டர் ஏறும். நுனி ஆடினாலும் இடைவெளி விழாது. ஓர் இழுப்பை மிச்சம் பிடிக்கப் போய் முழுக் கண்ணாடியும் கெட்டுப்போனது.

மூன்றாவது, மேல் விளிம்பை ஒட்டி ஒரு முழம் உயரத்துக்குப் புகை படிந்த மாதிரி மங்கல். கோடு என்றே சொல்ல முடியாது. துடைத்ததாகத் தெரிகிறது, துடைபடவில்லை. இதுதான் இந்த வேலையின் மையச் சிக்கல். பின்னால் விரிவாக வருகிறேன்.

நாலாவது, மேல்சட்டத்திலிருந்து வழிந்து காய்ந்த துளித் தடங்கள், அழுத முகத்தில் கண்ணீர் காய்ந்த மாதிரி. துடைத்து முடித்த பிறகு சட்டத்தின் ரப்பர் இடுக்கில் தேங்கிய தண்ணீர் நிதானமாக இறங்கியிருக்கிறது. ஐந்தாவதாக, நடுக் கண்ணாடியில் ஏணிப் படிகள் போலச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். ரப்பர் வழுக்காமல் தத்தித் தத்தி இறங்கியதன் தடம் இது. கண்ணாடி பாதி காய்ந்துபோன பிறகு இழுத்திருக்கிறார்கள். வேலை நடந்தது பிற்பகலில் என்று கேட்டபோது இது ஆச்சரியமாக இல்லை.

வெளிப்பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளில் வெள்ளைத் திரை மாதிரி ஒரு படிவும் இருந்தது. அது ஸ்குவீஜி சம்பந்தப்பட்டதே இல்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கம்பு எதைக் கொடுத்து எதை எடுக்கிறது

கம்பு கையை நீளமாக்குகிறது என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. நீளத்தைக் கொடுத்துவிட்டு மணிக்கட்டை எடுத்துக்கொள்கிறது. கையால் துடைக்கிறவர் ஓர் இழுப்புக்குள்ளேயே எத்தனை திருத்தம் செய்கிறார் என்று கவனித்தால் புரியும். மேலே கோணத்தைக் கொஞ்சம் நிமிர்த்துகிறார், ஓரத்தில் அழுத்துகிறார், தண்ணீர் ஒரு பக்கம் சேர்ந்தால் பிளேடை, அதாவது ரப்பர் பட்டையை, சாய்க்கிறார், முடிவில் சட்டென்று திருப்பி எடுக்கிறார். இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, மணிக்கட்டு பார்த்துக்கொள்கிறது. கம்பு நுனியில் இது ஒன்றும் நடக்காது. எனவே மணிக்கட்டு நடுவழியில் செய்யும் வேலையை எல்லாம் இழுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: கோணம் எவ்வளவு, எங்கே நிற்பது, தண்ணீர் எவ்வளவு, எந்த ஓரம் முதலில் காய வேண்டும். முன்பு வந்த குழு கையால் செய்வதையே கம்பால் செய்யப் பார்த்தது. திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். கீழ்வரிசையைப் பார்த்தாலே அவர்களுக்கு வேலை தெரியும் என்பது தெரிகிறது.

கோணத்துக்கு வருவோம். ரப்பர் பட்டையின் வேலையைச் செய்வது அதன் தட்டையான முகம் இல்லை, கூரான விளிம்பு. கையில் பிடிக்கும்போது கைப்பிடி கண்ணாடியிலிருந்து 30 முதல் 45 டிகிரி வரை தூக்கி நின்றால் விளிம்பு சரியாக உட்காரும். அதைவிடப் படுத்துவிட்டால் விளிம்பு எழும்பி, பட்டையின் முகம்தான் கண்ணாடியில் உரசும். தண்ணீர் அடியில் படலமாகத் தங்கிவிடும். அதிகம் நிமிர்ந்தால் தத்தும்.

இனி கம்பு. கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, மார்பளவில், அதாவது 1.2 மீட்டர் உயரத்தில் பிடிக்கிறோம் என்று வையுங்கள். மேல் விளிம்பு 5.6 மீட்டர். கையிலிருந்து மேலே 4.4 மீட்டர், பக்கவாட்டில் 1.5. கைக்கு மேல் தேவைப்படும் கம்பு 4.65 மீட்டர், அது கண்ணாடியோடு ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 19 டிகிரி. அதே இடத்தில் நின்றபடி நடுச்சட்டம் வரை இறக்கினால் கோணம் 28 ஆகிறது. நேரான தலையுள்ள ஸ்குவீஜி 19 டிகிரியில் படுத்தேதான் கிடக்கும். மேலே ஒரு முழத்துக்கு மங்கலாக இருந்ததற்கும், கீழே வர வரத் தெளிந்ததற்கும் இதுதான் காரணம். ஆள் மாறினாலும் இந்த மங்கல் வரும், ஏனென்றால் தவறு கையில் இல்லை, கோணத்தில் இருக்கிறது.

தீர்வு எளிது. கழுத்தில் மடங்கி இறுகும் வசதியுள்ள கைப்பிடியைக் கம்பு நுனியில் மாட்டி, தலையை 15 டிகிரி போல மடக்கிப் பூட்டிவிட்டோம். இப்போது மேலே 34, நடுச்சட்டத்தில் 43. முழு இழுப்பிலும் ரப்பர் விளிம்பு வேலை செய்யும். கழுத்து தளர்ந்து ஆடும்படி விட்டு இழுப்பவர்களும் உண்டு. இந்த உயரத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது பின்பக்கம். மேலே இருக்கும்போது கைக்கு மேல் 4.65 மீட்டர் கம்பு. நடுச்சட்டத்துக்கு வரும்போது 3.2 மீட்டர் போதும். மீதி ஒன்றரை மீட்டர் கைக்குக் கீழே இறங்க வேண்டும், ஆனால் தரை 1.2 மீட்டரில் வந்துவிடுகிறது. கம்பு தரையில் முட்டும். முட்டியதும் நுனி துள்ளும். துள்ளிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. ஆகவே இழுக்க இழுக்க ஓர் அடி பின்னால் போய்க் கம்பின் வாலைச் சாய்வாகப் பின்னுக்கு விட வேண்டும். வால் தரையைத் தொடும் நிலையில் கண்ணாடியிலிருந்து 2.4 மீட்டர் பின்னால் இருக்கும். படிக்கட்டு 2.5 மீட்டரில். தப்பித்தோம். ஆனால் இதே கம்பில் மேலிருந்து 2.1 மீட்டர் வரை ஒரே மூச்சாக இறக்கினால் வாலுக்கு 4 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும், படிக்கட்டுக்குள் போய்விடும். கீழ்வரிசைக்குக் கம்பைச் சுருக்கியே ஆக வேண்டும் என்று இடமே சொல்லிவிட்டது. உயரக் கண்ணாடி என்றதும் எல்லோரும் கம்பு எவ்வளவு நீளம் என்றுதான் கேட்கிறார்கள். பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

கருவிகள்

கம்பு அலுமினியம், மூன்று அடுக்கு. வளைவைப் பற்றி ஒரு விஷயம்: ஒரே கனமுள்ள குழாயில் நுனியில் ஒரே சுமை என்றால், நீளம் இரட்டித்தால் நுனியின் வளைவு எட்டு மடங்காகும். அடுக்குக் கம்பில் மேலடுக்கு மெலிதாக வேறு இருக்கும். எனவே தேவைக்கு மேல் அரை மீட்டர்கூட நீட்டக் கூடாது. 45 சென்டிமீட்டர் ஸ்குவீஜியை வைத்துச் சீக்கிரம் முடிக்கலாமே என்று உடன் வந்த தம்பி கேட்டார். கம்பு நுனியில் கொடுக்க முடிந்த அழுத்தத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. அதை அகலமான பட்டையில் பரப்பினால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கிடைப்பது குறையும். கூட அழுத்தினால் கம்பு வில்லாக வளைந்து தலை துள்ளும். 35-ஐயே வைத்துக்கொண்டோம்.

இன்று கையில் இருக்கும் இந்த லேசான ஒற்றைப் பட்டை ஸ்குவீஜி 1936-இல் வந்தது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிஃபோர்னியாவில் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் செய்தது, பித்தளையில். அதற்கு முன்பு இருந்தது கனத்த எஃகுச் சாமான். இரண்டு ரப்பர் பட்டைகள், பட்டையை மாற்ற ஒரு டஜன் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அதை நாலரை மீட்டர் கம்பின் நுனியில் வைத்துத் தூக்குவதை நினைத்தாலே தோள் வலிக்கிறது.

ரப்பர் பட்டையைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டோம். பெரும்பாலான பட்டைகளுக்கு இரண்டு விளிம்பு உண்டு, ஒன்று தேய்ந்தால் மற்றது புதிது. ஸ்குவீஜிச் சட்டத்தின் இரு முனைகளிலும் ரப்பர் 3 மில்லிமீட்டர் போல வெளியே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியின் ஓரம் துடைபடும், உலோகம் ஜன்னல் சட்டத்தில் கீறாது. மேலே ஏற்றுவதற்கு முன்பு கீழே ஒரு நிலைக்கண்ணாடியை நனைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தோம். கீழே கோடு விழாத பட்டைதான் மேலே போகலாம்.

தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம், 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை அறை வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு அதை 30-ஐ ஒட்டி இறக்கிவிடும். அதனால்தான் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் விரிப்பாகப் பரவுகிறது, ரப்பர் வழுக்குகிறது. அதற்கு மேல் ஊற்றும் சோப்பு எதற்கும் உதவாது. நுரை சட்ட இடுக்கில் தங்கும், பிறகு வடியும், காய்ந்தால் படலமாகும்.

வேலை நடந்த விதம்

காலையில் தொடங்கினோம். மேற்குச் சுவர், அதனால் மதியம் வரை கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கும். படிக்கட்டின் கீழ்ப்படிகளில் பழைய துண்டுகளை விரித்து, ஆள் வராதபடி குறுக்கே கயிறு கட்டியாயிற்று. ஈரப் படிக்கட்டு கம்பைவிட ஆபத்தானது.

முதலில் தண்ணீர் இல்லை. மென்மையான தூரிகையைக் கம்பில் மாட்டி மேல்சட்டத்தின் மேலிருந்த ஒட்டடையையும் தூசியையும் தட்டி எடுத்தோம். இதை விட்டுவிட்டு நனைத்தால் அந்தத் தூசி சேறாகி அரை மணி நேரம் வடியும். தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். அவை கண்ணாடியைவிடக் கடினமானவை. ஆகவே உலர்ந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்ப்பது எப்போதும் வேண்டாத வேலை. முதல் நனைப்பு தாராளமாக, தேய்க்காமல், தூசியை இறக்குவதற்கு மட்டும். இரண்டாவது நனைப்பில்தான் துணிக்கட்டையை (நனைக்கப் பயன்படும் துணி சுற்றிய கட்டை) அழுத்தி மேலும் கீழும், பிறகு இடவலமாக.

இந்த இரண்டாவது நனைப்பில் துணிக்கட்டையைப் பிழிந்துதான் ஏற்றினோம். கையால் செய்யும்போது கட்டை சொட்டச் சொட்ட இருந்தாலும் பரவாயில்லை. கம்பில் அந்தத் தண்ணீர் முழுவதும் மேல்சட்ட இடுக்கில்தான் போய் உட்காரும். மேல் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே நிறுத்தி இடவலமாக ஓட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை விளிம்பைத் தொட்டு எடுத்தோம்.

அடுத்தது எல்லோரும் விட்டுவிடும் படி. ஸ்குவீஜியின் தலையில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, ரப்பர் வளையத்தால் கட்டி, மேல்சட்டத்தை ஒட்டி இடமிருந்து வலம் ஓட்டினோம். இடுக்கில் தேங்கியதைத் துணி உறிஞ்சிக்கொண்டது. கண்ணாடியின் மேல் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு உலர்ந்த பட்டை ஒன்று கிடைத்தது. இடது ஓரத்திலும் அதேபோல் ஒரு பட்டை. துணியைக் கழற்றி, ரப்பரை உலரத் துடைத்து, மறுபடி ஏற்றினோம். இழுப்பு இந்த உலர்ந்த பட்டையில்தான் தொடங்க வேண்டும். உலர்ந்த ரப்பர் உலர்ந்த கண்ணாடியில் அமர்ந்து, அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்கினால் தொடக்கத் தடம் விழாது, மேலிருந்து துளியும் பின்தொடராது.

கீழ்க்கை கம்பைத் தன் பக்கம் லேசாக இழுக்க, மேல்கை கண்ணாடிப் பக்கம் தாங்கினால் நுனியில் அழுத்தம் கிடைக்கும். தம்பி தொடக்கத்தில் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பு வளைந்ததே தவிர ரப்பர் அழுந்தவில்லை. பிடியைத் திருத்தியதும் சத்தமே மாறிவிட்டது. சரியான இழுப்பில் ஒரே சீரான மெல்லிய உரசல் சத்தம் வரும், தத்தினால் கீச்சிடும். கண் எட்டாத இடத்தில் காதை நம்பலாம்.

பிளேடை மட்டமாகப் பிடிக்காமல், ஏற்கெனவே உலர்ந்த பக்கத்து முனை கொஞ்சம் கீழே முந்தும்படி சாய்த்து இழுத்தோம். அப்போது பிளேடு தள்ளிக்கொண்டு போகும் தண்ணீர் பின்தங்கிய முனைப் பக்கம், அதாவது இன்னும் ஈரமாக இருக்கும் பக்கம் ஒதுங்கும். மட்டமாக இழுத்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் தப்பும்; உலர்ந்த பக்கம் தப்பியதைத் துரத்திக்கொண்டு இன்னொரு இழுப்பு. இந்தச் சாய்வையும் கம்பைத் திருகி வரவழைக்கக் கூடாது. திருகினால் இழுப்பின் பாதியில் அது தானே நிமிர்ந்துவிடும். நிற்கும் இடத்தை ஈரப் பக்கமாக ஓர் அடி நகர்த்தினால் போதும். கம்பு கண்ணாடியில் சாய்வாக ஏறும், பிளேடின் உலர்ந்த முனை தானாகக் கீழே வரும்.

ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கம்பை இறக்கி ரப்பரைத் துடைக்க வேண்டுமா? அலுப்பான வேலைதான். ஆனால் முந்தைய இழுப்பின் கடைசித் துளிகள் ரப்பரில் தொங்கிக்கொண்டிருக்கும்; அப்படியே மேலே வைத்தால் உலர்ந்த பட்டை நனைந்துவிடும். இறக்கித் துடைத்தோம். கண்ணாடிக்கு நாலு இழுப்பு, முடிவில் துணி சுற்றிய தலையால் நடுச்சட்டத்தின் மேல் ஓரத்தை ஓர் ஓட்டு.

படிக்கட்டின் மேல் தளத்தில் ஒருவரை நிறுத்தியது பெரிய உதவி. "அண்ணே, வலது ஓரத்துல மேல ஒரு கோடு நிக்குது, ஒரு சாண் நீளம்" என்று அங்கிருந்து குரல் வரும். ஈரம் காய்வதற்குள் சொன்னால் துணி சுற்றிய தலையால் ஒரு தொடு தொட்டு எடுத்துவிடலாம். காய்ந்த பிறகு என்றால் மறுபடி முழுக் கண்ணாடியும் நனைய வேண்டும். மேல்வரிசை மூன்றும் முடிந்த பின், சட்டம் வடிகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கம்பைச் சுருக்கிக் கீழ்வரிசைக்கு வந்தோம். கீழ்வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கழுத்தைப் பற்றி ஒரு வரி. அண்ணாந்தபடியே நிற்பதுதான் இந்த வேலையின் உண்மையான களைப்பு. கம்புக்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்றால் கழுத்தும் தப்பும், சோப்புத் தண்ணீரிலிருந்து கண்ணும் தப்பும். கம்பை ஏணியின் மேல் நின்று பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. இழுப்பின் பக்கவாட்டு விசை முழுவதும் ஏணியைச் சாய்க்கும் திசையில் போகும்.

வெளிப்பக்கம்

வெளியே போனதும் முதலில் பார்த்தது கண்ணாடியை இல்லை, மேலே போகும் கம்பிகளை. நடைபாதையின் ஒரு முனையில் மின்கம்பி குறுக்கே போகிறது. அலுமினியம் மின்சாரம் கடத்தும், கார்பன் ஃபைபரும் கடத்தும். ஈரமான எந்தக் கம்பையும் நம்பக் கூடாது. கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர், அதுவும் கம்பை நீட்டி நிமிர்த்தி அது தவறிச் சாய்ந்தால் எட்டும் தூரத்தையும் சேர்த்து. அந்த முனைக் கண்ணாடிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மின்சாரத்தை நிறுத்தி உறுதி செய்த பிறகுதான் அங்கே கம்பு ஏறியது.

நிற்க இடம் ஒன்றரை மீட்டர்தான், அதிலும் மதில். கம்பின் வாலைப் பின்னுக்கு விட வழியில்லை. அதனால் பாதி உயரம் வரை இழுத்து, நிறுத்தி, ஓர் அடுக்கைச் சுருக்கி, மறுபடி நனைத்து, நிறுத்திய இடத்துக்கு ஒரு சாண் மேலிருந்து தொடர்ந்தோம். இணைந்த இடத்தில் மெல்லிய தடம் ஒன்று விழத்தான் செய்தது. துணி அதை எடுத்தது. இப்படி நெருக்கடியான வெளிப்புறத்துக்கு என் தேர்வு ஸ்குவீஜியே இல்லை. உப்பு நீக்கிய தண்ணீரைக் கம்பு வழியாக ஏற்றி, நுனித் தூரிகையால் தேய்த்து, அப்படியே காயவிடும் முறை உண்டு. தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் காய்ந்தாலும் புள்ளி நிற்காது. கோணம், வால், இழுப்பு எந்தக் கவலையும் கிடையாது. உள்ளே அவ்வளவு தண்ணீரைக் கொட்ட முடியாது. வெளியே தாராளமாகக் கொட்டலாம். அதற்கான சாதனம் அப்போது கையில் இல்லை.

இனி அந்த வெள்ளைத் திரை. நனைத்தால் மறைந்தது, காய்ந்ததும் திரும்ப வந்தது. இது உப்புப் படிவாகவும் இருக்கலாம், கண்ணாடியே அரிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். நனைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உள்ளங்கை அகலத்துக்கு வினிகர் நனைத்த துணியை ஒட்டி, சற்றுப் பொறுத்து, கழுவிப் பார்த்தோம். ஒரு கண்ணாடியில் மெல்லிய நுரை கிளம்பிப் படிவு கரைந்தது: கால்சியம் கார்பனேட், அமிலத்துக்கு மசியும். மற்றதில் பாதிதான் போயிற்று. மேலே பார்த்தால் காரணம் தெரிகிறது. சன்ஷேட்டின் அடிப்பக்கத்தில் விரிசல். மழைத் தண்ணீர் சிமென்ட்டுக்குள் ஊறி அந்த வழியாகச் சொட்டுகிறது. சிமென்ட்டில் ஊறி வரும் தண்ணீரின் காரத்தன்மை அதிகம். அது மறுபடி மறுபடி வழிந்து காய்ந்தால் கண்ணாடியின் சிலிக்காவையே தின்னும். தின்ற இடத்தில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

படிவு கரைந்த கண்ணாடியில் வினிகரைக் கம்பு வழியாக முழுக்கப் பூசலாமா என்றால், கீழே ஜன்னல் திண்டு பளிங்கு. வினிகர் சொட்டினால் பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான், அதுவும் நுரைக்கும். திண்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி, கட்டையை நன்றாகப் பிழிந்து பூசி, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். சவர பிளேடு போன்ற கூர் பிளேடால் சுரண்டலாமே என்று கட்டடத் தரப்பில் கேட்டார்கள். இது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கியது; சூளையில் பக்குவப்படுத்தும்போது ஒட்டிக்கொண்ட நுண்துகள்கள் சில சமயம் மேற்பரப்பில் இருக்கும். சுரண்டும் பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கீறல் போடும். கம்பு நுனியில் பிளேடு என்பது நினைத்தே பார்க்கக் கூடாதது.

இப்போதைய நிலை

உள்பக்கம் ஆறும் மாலை வெயிலில் தாங்குகின்றன. மேல் நடுக் கண்ணாடியின் வலது மூலையில் ஓர் அங்குலத் தடம் இருக்கிறது. மூலை என்பது வட்டமான துணி முனைக்கு எட்டாத இடம். அதற்காகச் சாரம் கட்டச் சொல்ல மாட்டேன். வெளிப்பக்கம் ஐந்து கண்ணாடிகள் சரி. அரிக்கப்பட்ட ஒன்றை சீரியம் ஆக்ஸைடு என்ற மெருகுப் பொடி போட்டு மெருகேற்றிப் பார்க்கலாம். ஆனால் அது கிட்டே நின்று, கையில் இயந்திரம் பிடித்துச் செய்யும் வேலை. ஓர் இடத்தை அதிகம் தேய்த்தால் அங்கே பிம்பம் நெளியும். மெருகேற்றுவதா, கண்ணாடியையே மாற்றுவதா என்பதைக் கட்டடத்தாரிடம் விட்டிருக்கிறோம். எதைச் செய்தாலும் முதலில் சன்ஷேட்டின் விரிசலை அடைத்து, அதன் அடி விளிம்பில் தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிடும்படி ஒரு பள்ளக்கோடு வெட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் சொல்லியாயிற்று. அது முடியும்வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த இரண்டு கண்ணாடிகளையும் காய்வதற்கு முன்பே வெறும் தண்ணீரால் அலசிவிடும்படி காவலாளியிடம் கம்பையும் துணிக்கட்டையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்; ஸ்குவீஜியைக் கொடுக்கவில்லை.